ஒரு தாள் கனத்தில் தப்பிப்போன கேத்தரின் அருவி

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாரல் விட்ட அரை மணி நேரத்துக்குள், குன்னூர் டால்பின் நோஸ் காட்சிமுனையின் கம்பியோரம் நின்று எதிர்ச்சரிவில் விழும் கேத்தரின் அருவியை 12 படம் எடுத்தேன். அந்த மாதத்தில் அங்கே மேகம் விலகிக் கொடுப்பதே பெரிய விஷயம். லென்ஸை இன்ஃபினிட்டி (முடிவில்லாத் தொலைவு) குறிவரை, அதாவது இனிமேல் திரும்ப மாட்டேன் என்று அதுவே முரண்டு பிடிக்கும்வரை திருப்பியிருந்தேன். கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால், 12 படத்திலும் அருவி சுண்ணாம்பு ஈஷினது மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல். எனக்கும் அருவிக்கும் நடுவில், கீழே முப்பது மீட்டர் தள்ளி நின்ற ஒரு மரத்தின் இலைகளை மட்டும் எண்ணிவிடலாம் போல இருந்தது. எடுக்கும்போது அந்த மரத்தை நான் கவனிக்கக்கூட இல்லை.

தப்பு லென்ஸில் இல்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் 650 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டியிருந்தேனே, பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் பொருத்தும் அடாப்டர் என்ற ஓர் அலுமினிய வளையம், அதில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மூன்று பழைய லென்ஸ், இரண்டு அடாப்டர், ஒன்றரை வருஷம் மலையில் சுற்றிய அனுபவம், இவ்வளவையும் வைத்து எழுதுகிறேன். லென்ஸைப் புகழ நிறையப் பேர் இருக்கிறார்கள். வளையத்தின் பக்கத்தில் நின்று பேச ஆள் இல்லை. அதனால் அதில்தான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ கடை. அப்பா ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த அரசு நிறுவனம். ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்துதான் நாடு முழுக்கப் போயின. பிலிமில் ரசாயனம் பூசுகிற இடம் இருட்டாகத்தான் இருக்க வேண்டும். “ஊரே போட்டோ எடுக்க நான் இருட்டுல நின்னேன்” என்று அப்பா சொல்வார். பெருமையாகச் சொன்னாரா, சலிப்பில் சொன்னாரா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. அவர் கூட வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வாங்கிய ரஷ்ய ஜெனித்-ஈ கேமரா வீட்டில் இருந்தது. பேட்டரி இல்லாத செலினியம் மீட்டர், செங்கல் கனம். ஷட்டர் எப்போதோ சிக்கிக்கொண்டது. அதன் முகத்தில் இருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸ் மட்டும் புதுசு போல இருந்தது. அதற்காகத்தான் இவ்வளவும்.

கேமரா, பழையதாக வாங்கிய சோனி ஏ7 மார்க் 2. ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 எம்எம் பிலிம் அளவு சென்சார்), 24 மெகாபிக்சல். கை நடுக்கத்தை கேமரா உடம்புக்குள்ளேயே சமாளிக்கும் வசதி உண்டு என்பதால் இதை எடுத்தேன். பழைய லென்ஸில் அந்த வசதி இருக்காது, உடம்பில் இருந்தால் 1970-களின் லென்ஸுக்கும் கிடைத்துவிடும்.

சரி, வளையத்துக்கு வருவோம்.

எந்தக் கேமராவிலும் லென்ஸ் உட்காரும் முகத்துக்கும் உள்ளே பிலிம் அல்லது சென்சார் இருக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு நிர்ணயித்த தூரம் உண்டு. ஹீலியோஸ் மாதிரி எம்42 திருகு லென்ஸ்களுக்கு அது 45.46 மில்லிமீட்டர். அந்தக் காலக் கேமராவில் மேலும் கீழும் புரளும் கண்ணாடி ஒன்று நடுவில் இருந்ததே, அதற்கு விட்ட இடம் அது. என் சோனியில் அந்தக் கண்ணாடி கிடையாது, அதனால் தூரம் 18 மில்லிமீட்டர்தான். 45.46-இல் 18 போனால் 27.46. அடாப்டர் என்பது இந்த 27.46 மில்லிமீட்டர் நீளமுள்ள வெறும் குழாய். ஒரு பக்கம் 42 மில்லிமீட்டர் அகலத்தில் மரை, மறுபக்கம் சோனியில் கொளுவும் பற்கள். உள்ளே லென்ஸ் கண்ணாடி கிடையாது, வயர் கிடையாது, மூளை கிடையாது. “வெறும் ஓட்டைக்கு எதுக்கு ரெண்டாயிரம்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெயர் இல்லாத 650 ரூபாய் வளையத்தை வாங்கினோம்.

மாட்டியதும் ஒன்றும் தெரியவில்லை. மகளை எடுத்தேன், பூனையை எடுத்தேன், சிம்ஸ் பூங்காவில் பூ எடுத்தேன். எல்லாம் அருமை. ஹீலியோஸ் அரை மீட்டர் வரை கிட்டே போகும், நானும் கிட்டே கிட்டேயே போய்க்கொண்டிருந்தேன். டால்பின் நோஸில்தான் குட்டு உடைந்தது. அப்போதும் லென்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். அப்பா இத்தனை வருஷம் வைத்திருந்ததில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். கேத்தி பள்ளத்தாக்கை ரோட்டிலிருந்து எடுத்தேன்: எதிர்ச்சரிவின் வீடுகளெல்லாம் சோப்பு நுரை. அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப்8-க்கு மூடி எடுத்தால் சுமாராகச் சரியானது (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). இதுதான் என்னை இன்னும் ஏமாற்றியது. சின்னத் துளை சின்னப் பிழையை மறைத்துவிடும்.

கடைசியில் வெர்னியர் வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு வளையத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். பட்டறை அண்ணன் நான்கு இடத்தில் அளந்தார். ஒரு பக்கம் 27.58. எதிர்ப்பக்கம் 27.54. “இவ்ளோதானுங்க்கா வித்தியாசம், ஒரு பேப்பர் கனம்” என்றார்.

ஒரு பேப்பர் கனம். நான் நாள் முழுக்க மிஷினில் ஏற்றுகிற 75 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அந்த ஒரு தாள் செய்த வேலையைப் பாருங்கள். லென்ஸின் குவியத் தூரத்தை, அதாவது அதன் மேல் எம்எம் என்று எழுதியிருக்கும் எண்ணை, அதே எண்ணால் பெருக்கி, வளையம் எவ்வளவு நீளம் கூடியிருக்கிறதோ அதால் வகுத்தால், அந்த லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு தொலைவுவரை கூர்மை பிடிக்கும் என்று வந்துவிடும். என்னுடையது 58 எம்எம். 58 பெருக்கல் 58, 3,364. அதை 0.1-ஆல் வகுத்தால் 33,640 மில்லிமீட்டர். அதாவது முப்பத்து நாலு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. அந்த மரம் நின்ற இடம்! அதற்கு அப்பால் உள்ள நீலகிரி முழுவதும் என் லென்ஸுக்கு எட்டாத ஊர்.

இதே வளையத்தில் 28 எம்எம் வைட் லென்ஸ் போட்டால் கதை இன்னும் மோசம். எட்டு மீட்டர்கூட வராது. 135 எம்எம் போட்டால் 180 மீட்டர் வரும். அகலமான லென்ஸ் வைத்திருப்பவர்கள்தான் வளையத்துக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கீழே கோவையில், வீட்டு முற்றத்திலும் கல்யாண மண்டபத்திலும் படம் எடுக்கிறவர்களுக்கு இந்த வளையம் ஆயுசுக்கும் நல்ல வளையமாகவே இருந்துவிட்டுப் போகும். மலையில் அப்படி இல்லை. இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிரே இருப்பது ஒரு பள்ளம், அதற்கு அப்பால் ஒரு முகடு. நாம் எடுக்க நினைப்பதில் பாதி இன்ஃபினிட்டியில்தான் இருக்கிறது.

நீளம் ஒரு குறை. 27.58-க்கும் 27.54-க்கும் உள்ள சாய்வு இன்னொரு குறை. கேத்தி படங்களில் இடது ஓர வீடுகள் வலது ஓர வீடுகளைவிட மங்கலாக இருந்ததற்கு அதுதான் காரணம். அதுவரை என் கண்ணைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தேய்த்துச் சரிசெய்யலாமா என்று கேட்டதற்கு லேத் அண்ணன் கையை விரித்துவிட்டார். “தேச்சா கொறையும்க்கா, ஆனா சமமா கொறையும்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” நீளமாக இருந்தால் இதுதான் நிலைமை. குட்டையாக இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்: இன்ஃபினிட்டி குறிக்குக் கொஞ்சம் முன்னாடியே முகடு கூர்மையாகிவிடும், அதற்கு மேல் திருப்பாமல் நிறுத்தினால் போதும். மெல்லிய தகடு வெட்டி இடையில் வைத்தும் ஈடு கட்டலாம். அதனால்தான் விவரம் தெரிந்த தயாரிப்பாளர்கள் ஒரு மயிரிழை குட்டையாகவே செய்கிறார்கள்.

இரண்டாவது வாங்கியது கே அண்ட் எஃப் கான்செப்ட் வளையம், என் கைக்கு வந்தபோது 2,400 ரூபாய். பட்டறை அண்ணனிடமே அளந்தேன்: நான்கு இடத்திலும் 27.42. அவர் புருவத்தைத் தூக்கி, “இது மெஷின்ல செஞ்சது” என்றார். அது என்ன, முந்தையது மரத்தில் காய்த்ததா என்று நான் கேட்கவில்லை. செப்டம்பரில் மறுபடி டால்பின் நோஸ். குறிக்கு ஒரு நெல் அகலம் முன்னாடியே அருவி நூல் நூலாகப் பிரிந்து தெரிந்தது. எஃப்2-விலேயே.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வளையத்தின் உட்சுவர். மலிவானதன் உள்பக்கம் பளபளவென்று இருந்தது. சூரியன் சட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் இருந்தால், வெளிச்சம் அந்தச் சுவரில் பட்டுச் சிதறி, படத்தின் நடுவில் பால் ஊற்றினது மாதிரி ஒரு வெளுப்பு. புதியதில் உள்ளே கரி மாதிரி மேட் கறுப்பு பூசியிருக்கிறார்கள். பழைய வளையத்துக்கு நான் கரும்பலகைப் பெயின்ட் அடித்துப் பார்த்தேன், வெளுப்பு பெருமளவு போனது. நீளத்துக்குத்தான் பெயின்ட் கிடையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று இன்னும் இருக்கிறது. எம்42 லென்ஸ் சிலவற்றின் பின்புறம் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். அது அழுந்தினால்தான் அபர்ச்சர் மூடும். லென்ஸில் ஆட்டோ, மேனுவல் பொத்தான் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் உள்ளே விளிம்பு வைத்த வளையமாகக் கேட்டு வாங்குங்கள். அது அந்த ஊசியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

கேமரா மெனுவில் ‘ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்’ என்பதை அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டு சோனி படமெடுக்காது. நான் முதல் நாள் வளையத்தைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன். அதே மெனுவில் நடுக்கத் தடுப்புக்குக் குவியத் தூரத்தை நாமே சொல்ல வேண்டும். 135-க்கு வைத்ததை மாற்றாமல் 58-ஐ மாட்டினால், கேமரா தேவைக்கு மேல் ஈடு கொடுத்து, அசையாத படத்தை அதுவே அசைத்துவிடும். வளையத்தில் தகவல் போக வழியில்லாததால் எந்த லென்ஸ், எந்த எஃப் எண் என்று படத்தில் பதிவாகவும் செய்யாது. ஜெராக்ஸ் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

இனி லென்ஸ்கள்.

ஹீலியோஸ் 44-2, 58 எம்எம் எஃப்2. ஜெர்மனியின் ஜீஸ் பயோட்டார் வடிவத்தை வைத்து சோவியத்தில் செய்தது. இதில் அபர்ச்சருக்கு இரண்டு வளையம். முன்னது ‘டிக் டிக்’ என்று எண்ணில் நிற்கும். பின்னது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு, முன்னது சொன்ன எல்லைவரை மூடும். எஃப்5.6 என்று முன்னதில் வைத்துவிட்டு, பின்னதைத் திறந்து வெளிச்சத்தில் ஃபோக்கஸ் பிடித்து, பிறகு கண்ணை எடுக்காமலே சுழற்றி மூட வேண்டும். எட்டு இதழ்கள் உள்ளே பூ கூம்புகிற மாதிரி கூம்பும். ஒரு வாரத்தில் விரல் பழகிக்கொண்டது. இப்போது புது லென்ஸ் போட்டால் விரல் அந்த வளையத்தைத் தேடுகிறது.

இதன் பேர்போன சுழல் பொக்கே, அதாவது பின்புல மங்கல் சுழல்வது போல் தெரிவது, எல்லாப் படத்திலும் வராது. வர வைக்க வேண்டும். ஆள் இரண்டு மூன்று மீட்டரில், பின்னால் சில மீட்டர் தள்ளி இலைகள், இலை இடுக்கில் வானம், அபர்ச்சர் முழுக்கத் திறந்து எஃப்2. இதற்கென்றே நட்டு வைத்த மாதிரி நம் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் இருக்கின்றன. அதன் இலை சீப்பு சீப்பாகப் பிளந்திருக்கும், ஒவ்வொரு பிளவிலும் ஒரு பொட்டு வெளிச்சம். பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டியை, வெள்ளைத் துண்டும் தலைக்கட்டுமாக, தோட்ட ஓரத்தில் நிற்க வைத்து எடுத்தேன். அந்தப் பொட்டுகள் நடுவில் வட்டமாகவும் ஓரத்துக்குப் போகப்போகப் பூனைக்கண் மாதிரி நீண்டும் அவரைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றின. ஓரத்தில் வரும் ஒளியை லென்ஸின் குழாயே கொஞ்சம் வெட்டிவிடுவதால் வரும் வடிவம் அது. பாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, “எனக்குத் தலை சுத்தற மாதிரி எடுத்திருக்கே” என்றார். பிரேம் போட்டு வாங்கிக்கொண்டு போனார். காசு வாங்கவில்லை, ஒரு பை வெள்ளைப் பூண்டு வந்தது.

மதுரையிலோ சென்னையிலோ தெரியாத ஒரு குறை இங்கே தெரியும். பழைய கிரீஸ் குளிரில் இறுகும். ஜனவரியில் தலைகுந்தா புல்வெளியில் உறைபனி எடுக்க விடியற்காலை போனேன். ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்புகிறேன், கனமாகத் திரும்புகிறது, ஆனால் திரையில் எதுவும் மாறவில்லை. கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன். சட்டென்று இலகுவானது. ஆகா, கிரீஸ் இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டால், லென்ஸ் மொத்தமும் மரையிலிருந்து கழன்று என் உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது. திருகு லென்ஸில் பூட்டு கிடையாது, அதனால் ஃபோக்கஸ் திருகுவதும் லென்ஸைக் கழற்றுவதும் ஒரே கை அசைவு. பனிப் புல்லில் விழுந்திருந்தால் அடிபட்டிருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அன்றிலிருந்து குளிர்காலத்தில் லென்ஸ் ஸ்வெட்டருக்குள் பயணம் செய்கிறது.

இரண்டாவது, சூப்பர் டகுமார் 50 எம்எம் எஃப்1.4. ஜப்பானின் அசாஹி பென்டாக்ஸ். கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். ஃபோக்கஸ் வளையம் நெய்யில் சுழல்கிற மாதிரி இருக்கும். இதன் ஏழு கண்ணாடி வகையில் பின்பக்கக் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. நம் மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் அதே தோரியம். ஒளியை நன்றாக வளைக்கும், நிறம் பிரியாது என்பதால் அந்தக் காலத்தில் கலந்தார்கள். வருஷங்கள் போனால் கதிர்வீச்சால் கண்ணாடி டீ நிறத்துக்கு மாறிவிடும். என் கைக்கு வந்தபோது நல்ல ஸ்ட்ராங் டீ. புற ஊதா ஒளியில் வைத்தால் தெளியும் என்பது தெரியும். குன்னூர் உயரத்தில் அதற்குப் பஞ்சமில்லை, வெயிலுக்குத்தான் பஞ்சம். ஐப்பசி கார்த்திகை அடைமழை முடியும்வரை காத்திருந்து, தை மாதம் ஜன்னலைத் திறந்து விளிம்பில் படுக்க வைத்தேன்.

படுக்க வைத்தது தப்பு. மதியம் சமையலறையில் இருந்தபோது தாள் கருகும் வாசம். ஜன்னலோரம் தொங்கிய தினசரி நாள்காட்டியில், சரியாக ராகு காலம் அச்சடித்திருந்த வரியின் மேல், சூரியன் நகர்ந்த பாதையில் பழுப்பாக ஒரு கோடு. கோட்டின் முடிவில் ஓர் ஓட்டை, அதன் ஓரம் இன்னும் சிவப்பாக இருந்தது. லென்ஸ் என்பது பூதக்கண்ணாடியும்தான் என்பதை மறந்ததற்குப் பெரிய விலை கொடுக்காமல் தப்பினேன். பிறகு முன்முகத்தைக் கீழே வைத்து, அடியில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை ஒட்டவிட்டு, பின்கண்ணாடி வானத்தைப் பார்க்க நிற்க வைத்தேன். நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மாசியின் பாதியில் ஸ்ட்ராங் டீ லைட் டீ ஆனது, பங்குனியில் கிரீன் டீ. அதோடு போதும் என்று எடுத்துவிட்டேன். அந்த லேசான மஞ்சள் மாலை வெயிலில் முகத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நிறச் சாயலைச் சரிசெய்யும் கேமராவின் வெள்ளைச் சமநிலை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, கிழக்கு ஜெர்மனியின் பென்டகான் 135 எம்எம் எஃப்2.8. அபர்ச்சர் இதழ் 15. எந்த அளவில் மூடினாலும் துளை வட்டமாகவே இருக்கும். இதை இணையத்தில் ஒருவரிடம் வாங்கினேன். ‘ஃபங்கஸ் இல்லை, கண்ணாடி தெளிவு’ என்று எழுதியிருந்தார். வந்த அன்று செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பார்த்தேன். உள்ளே சிலந்தி கோலம் போட்டிருந்தது. “அனுப்பும்போது இல்லை, உங்க ஊர் கிளைமேட்” என்று பதில் வந்தது. மூன்று நாள் கூரியர் பயணத்தில் வளர்கிற பூஞ்சையை நான் கேள்விப்பட்டதில்லை. பணம் திரும்பி வரவில்லை. கோவையில் லென்ஸ் பிரித்துத் துடைத்துத் தரும் ஒருவரிடம் 800 ரூபாய் கொடுத்தேன். பூஞ்சை போனது, அது கண்ணாடிப் பூச்சைத் தின்ற தடம் ஓரத்தில் ஒரு நகக்குறி அளவு நின்றுவிட்டது. படத்தில் தெரியாது, எனக்குத் தெரியும். ஆகவே முன்பணம் அனுப்புவதற்கு முன், டார்ச் அடித்த படம் ஒன்று கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை: எங்க ஊர் கிளைமேட். மழை மாதங்களில் எங்கள் வீட்டுச் செருப்பே பச்சை பிடிக்கும். அப்பாவின் ஹீலியோஸ் எப்படித் தப்பியது என்று யோசித்துப் பார்த்தேன். அவர் கேமராவைத் தோல் உறையில் வைத்ததே இல்லை, தோல்தான் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மர அலமாரியின் கீழ்த்தட்டில் 15 வாட் பல்ப் ஒன்று, மழைக்காலம் முழுக்க இரவும் பகலும் எரியும். மேல்தட்டில் கேமரா. கரன்ட் பில்லுக்காக அம்மா அதை அணைப்பார், அப்பா போடுவார், இது எங்கள் வீட்டு மழைக்காலப் பாட்டு. நான் நவீனம்: காற்றுப் புகாத அரிசி டிரம், சிலிகா ஜெல் அரைக் கிலோ, உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50-க்குள் முள் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்து ஆற வைத்துத் திரும்பப் போடுவேன். கார்த்திகையில் வாரம் ஒருமுறை வறுவல்.

மூடுபனி பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பழைய லென்ஸும் மலைப் பனியும் கவிதை என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். பனியில் ஏற்கெனவே கறுப்பு கிடையாது. கண்ணாடியில் பிரதிபலிப்பைக் குறைக்க ஒரே அடுக்குப் பூச்சு மட்டும் உள்ள பழைய லென்ஸ் தன் பங்குக்கு இருக்கிற கறுப்பையும் வெளுக்க வைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால் கஞ்சித் தண்ணி. அதைவிடப் பெரிய தொல்லை, ஃபோக்கஸ் பீக்கிங் என்று கூரான விளிம்புகளில் சிவப்பு மினுக்கும் வசதி கேமராவில் இருக்கிறதே, பனியில் அதற்கு விளிம்பே கிடைக்காது. ஒன்று எதுவும் மினுக்காது, அல்லது பனித்துளி பட்ட கம்பிவேலி மட்டும் மினுக்கும். திரையைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்துத் திருப்புவதே வழி. அடர்பனி நாளில் நான் கேமராவோடு வந்த சாதாரண கிட் லென்ஸைத்தான் போடுகிறேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் படம் நன்றாக வருகிறது.

பனி விலகிய அடுத்த நிமிஷம் டகுமார். அது வேறு கணக்கு.

மலை ரயிலுக்குப் பென்டகான். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டியை நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு குன்னூர் வரும். அதனால் ஸ்டேஷனில் முன்னால் தெரிவது இன்ஜின் இல்லை, முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன். ஆட்டோ ஃபோக்கஸ் இல்லாமல் இதை எடுக்க, தண்டவாளத்தில் ஒரு கட்டையைக் குறித்துக்கொண்டு அதில் முன்கூட்டியே ஃபோக்கஸ் வைத்துவிட வேண்டும். வண்டி கட்டைக்கு வரும்போது அழுத்த வேண்டும். பத்து தடவையில் மூன்று தடவை கிடைக்கும். கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் புதுக் கேமராவில் பத்துக்குப் பத்தும் எடுக்கிறார்கள். அவசரக்காரர்கள், கல்யாண வேலை எடுப்பவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. நானும் கல்யாண ஆர்டருக்கு ஹீலியோஸை எடுத்துப் போவதில்லை. மணமேடைப் படம் இரண்டு மட்டும் ஆசைக்கு.

அந்தப் பையன்களில் ஒருவன் போன வாரம் தாத்தாவின் எம்42 லென்ஸோடு வந்தான். “அக்கா, என் நிக்கான் டி5600-ல போடலாமா?” போடலாம், ஆனால் வேண்டாம் என்றேன். நிக்கானின் தூரம் 46.5. எம்42-க்கு வேண்டியது 45.46. அதாவது வளையமே போடாமல் ஒட்ட வைத்தால்கூட 1.04 மில்லிமீட்டர் ஏற்கெனவே அதிகம். 58 எம்எம் லென்ஸில் அதே கணக்கைப் போட்டால் மூன்றேகால் மீட்டர். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர், முடிந்தது. நடுவில் லென்ஸ் கண்ணாடி வைத்த வளையம் விற்கிறார்கள், தொலைவு கிடைக்கும், தாத்தாவின் லென்ஸில் இல்லாத ஒரு கண்ணாடி கூடச் சேரும். கேனான் பழைய ஈஎஃப் வகை என்றால் 44 மில்லிமீட்டர்தான், மெல்லிய வளையம் போதும். புரளும் கண்ணாடி இல்லாத புதிய கேமரா வகை எதுவாக இருந்தாலும் கவலையே இல்லை: நிக்கான் இசட் 16, ஃபியூஜி எக்ஸ் 17.7, கேனான் ஆர்எஃப் 20. எல்லாம் இடம் விட்டு வைத்திருக்கின்றன.

அவன் நம்பவில்லை. அதனால் 650 ரூபாய் வளையத்தை என் சோனியில் மாட்டி, கடை வாசலில் நிறுத்தி எதிர்ச்சரிவின் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். மங்கல். 2,400-ஐ மாட்டினேன். தொட்டியில் எழுதியிருந்த கட்சிச் சின்னம் வரை தெரிந்தது. பேசாமல் அளவை எல்லாம் செல்போனில் குறித்துக்கொண்டு போனான்.

அந்த 650 ரூபாய் வளையத்தைத் தூக்கிப் போடவில்லை. அரை மீட்டரில் பூ எடுக்க அது ஒரு குறையும் சொல்ல முடியாத வளையம். மற்ற நேரத்தில் கல்லாப் பக்கம், பிரித்த 75 ஜிஎஸ்எம் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பெட்ஃபோர்டு காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க ஏதாவது ஒரு கனம் வேண்டியிருக்கிறது.